கடலுக்குப் போகாத எலுமிச்சம்பழங்கள்

'சராசரி' என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். போன மாதம் தஞ்சாவூரில், நான் வேலை பார்த்த நீர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. சின்னப் படகு மாதிரி இருக்கிறது. ஆற்றில் மிதக்கவிட்டால் அடித்தண்ணீர் எந்த வேகத்தில் ஓடுகிறது, மேல்தண்ணீர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து காட்டிவிடும். ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்ததால் போயிருந்தேன். வடையும் நன்றாகத்தான் இருந்தது. அப்போது சத்யா என்ற இளம் பொறியாளர் எழுந்து, "சராசரியா பாத்தா தண்ணி கடல் பக்கம்தான் போகுது. அதனால உப்பு மேல ஏற வாய்ப்பில்ல" என்றாள். நான் வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"சராசரித் தண்ணிய எவம்மா குடிச்சான்? சராசரித் தண்ணியில எவ நாத்து விட்டா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, சமையல்காரர் எட்டிப் பார்த்தார். சத்யா கோபித்துக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து, "மேடம், அந்த எலுமிச்சம்பழக் கதைய எல்லாரும் அரைகுறையா சொல்றாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். ஊர் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அங்கே இன்றைக்கும் இரண்டு தரப்பும் எதிரெதிர்த் தெருவில்தான் வாழ்கிறார்கள்.

நான் நாகூர்க்காரி. வாப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. பி.எஸ்சி. வேதியியல் முடித்ததும் சர்க்கார் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறி ஆபீசுக்குப் போன முதல் பெண் நான்தான் என்று உம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் அதையே வேறு குரலில் சொன்னார்கள். முதல் சில வருஷங்கள் ஆய்வகத்தை விட்டு நான் வெளியே போனதே இல்லை. பாட்டிலில் தண்ணீர் வரும். அதில் உப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகத் திரும்பும் அந்த நொடியில் குழாயை அடைக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு கெட்டுவிடும். அந்தப் பழக்கத்தில்தான் என் கை நிதானம் கற்றது. வாய் கற்கவில்லை.

எங்களுக்கு மேலதிகாரி ஞானசேகரன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் ஆபீஸ் சுவரில் முதல்வர் படம் மாறும். அவர் மாற மாட்டார். தீவிரமான பகுத்தறிவுக்காரர். ஆயுத பூஜை அன்று நாங்கள் கருவிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைக்கும்போது அவர் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். பூஜை முடிந்து வந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பொட்டாகத் தானே துடைப்பார். யாரையும் திட்ட மாட்டார். "பொட்டு வச்சா ரீடிங் மாறும்" என்று மட்டும் சொல்வார்.

அவரிடம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும்: "யாரு பாத்தது?" வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, "யாரு பாத்தது?" மாதிரி எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறையை நான் தூக்கத்திலும் சொல்வேன். பாட்டிலில் முதலில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும், பிறகுதான் தண்ணீர். எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறோமோ அதே தண்ணீரால் பாட்டிலை அலசிக் கொட்ட வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், நம் கால் கலக்கிய சேறு பாட்டிலுக்குள் வரக் கூடாது. வழக்கு என்று இருந்தால் இரண்டு தரப்பும் பார்க்கத்தான் எடுக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, "மறுபடி போங்க" என்பார். முகத்தில் கோபமே இருக்காது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இறால் பண்ணைகள் கடலோரம் முழுக்க முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் சொல்லும் ஊர் கடைமடைக்கும் கடைமடை. அங்கே ஒரு வடிகால் ஆறு கடலில் சேர்கிறது. ஆற்றோரம் இருந்த நிலத்தை, முன்பொரு ஆட்சியில் நில உச்சவரம்புச் சட்டப்படி பெரிய பண்ணை ஒன்றிடமிருந்து எடுத்து, கூலி வேலை செய்த குடும்பங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். சும்மா கொடுத்துவிடவில்லை. போராட்டம், அடிதடி, ஜெயில் எல்லாம் நடந்த பிறகுதான் கொடுத்தார்கள். அஞ்சலை என்ற பெண்ணின் அப்பா அந்த நிலத்துக்காக ஜெயிலுக்குப் போய், திரும்பி வந்து ஒரே ஒரு சம்பா அறுத்துவிட்டு இறந்துபோனார். அந்த நிலத்தை அஞ்சலைதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணையார் மகன் ராஜமாணிக்கம் தன்னிடம் மிஞ்சிய நிலத்தில் இறால் குளம் வெட்டினார். குளத்து உப்புத்தண்ணீரை ஒரு ஷட்டர் வழியாக ஆற்றில் விட்டார். அதற்கப்புறம் ஆற்றின் மேல்பக்கம் இருந்த இவர்கள் வயலில் நாற்று கருக ஆரம்பித்தது. போட்ட நாற்றங்கால் இரண்டு பருவம் மஞ்சளாகிச் செத்தது. "அது உவர் நிலம், நெல்லு வராது. எங்கிட்ட குத்தகைக்கு விட்டுடுங்க, நான் குளம் வெட்டிக்கிறேன்" என்று ராஜமாணிக்கம் சொல்ல, இரண்டு குடும்பங்கள் கைநாட்டு வைத்துவிட்டன. ஒருதரம் குளம் வெட்டிவிட்டால் அது திரும்ப வயலாகாது. மூன்றாவது நாற்றங்காலும் செத்தால் மற்றவர்களும் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். சோறு வேண்டுமே. அந்தச் சமயத்தில்தான் மனு ஆர்.டி.ஓ.விடம் போய், உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் வந்து சேர்ந்தது.

கடலோரத்து ஆறு இரண்டு பக்கமும் ஓடும். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், அது ஏத்தம். இறங்கும்போது வெளியே போகும், அது வத்தம். ராஜமாணிக்கத்தின் வாதம் சுலபமானது. "நான் வத்தத்துலதான் ஷட்டர் தொறக்குறேன். தண்ணி கடலுக்குத்தான் போவும். பின்ன எப்படி மேல ஏறும்? உப்புக்குக் காலா இருக்கு?" என்றார். நாங்கள் விதிப்படி ஷட்டர் வாயில் நின்று அளந்தோம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வத்தத்தில்தான் திறந்தார், தண்ணீரும் கடல் பக்கம்தான் போனது. ஏத்தத்தையும் வத்தத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் சராசரி ஓட்டம் கடலை நோக்கித்தான் இருந்தது. ஞானசேகரன் சார் பேனாவை எடுத்துவிட்டார்.

அறிக்கை எப்படி வரப்போகிறது என்பது எப்படியோ அஞ்சலைக்குத் தெரிந்துவிட்டது. கரையில் நின்றுகொண்டு என்னைப் பிடி பிடியென்று பிடித்தாள். "ஏம்மா, நீங்களும் ஒரு பொம்பளதானே? படிச்சு என்னத்தக் கிழிச்சீங்க? எங்கப்பன் ஜெயிலுக்குப் போயி வாங்குன மண்ணு. அத உவருன்னு எழுதிட்டுப் போறீங்களா?" கையில் இருந்த எண்கள் அவள் பக்கம் பேசவில்லை. ஆத்திரத்தோடு ஷட்டர் பக்கம் திரும்பி நடந்தபோது சேற்றில் கால் புதைந்து, என் ரப்பர் செருப்பு ஒன்று கழன்று ஆற்றோடு போய்விட்டது. வத்தம் முடியும் நேரம். செருப்பு நிதானமாகக் கடலைப் பார்த்துப் போயிற்று. நான் மற்றொரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு கரையேறினேன்.

பிற்பகல் மேல்பக்கத் துறையில் மாதிரி எடுக்கப் போனேன். அஞ்சலையின் தெருக்காரர்கள் குளிக்கும் துறை அது. அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மதகும் அங்கேதான். படியோரம் ஆகாயத்தாமரைக்குள் என் செருப்பு கிடந்தது.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் நாங்கள் பார்த்தது என்ன? ஓரிடத்தில் நின்றுகொண்டு, நம்மைத் தாண்டுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்தோம். தாண்டிய அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போனது என்று யாருமே பின்னால் போய்ப் பார்க்கவில்லை. வத்தம் முடியும் நேரத்தில் ஷட்டரை விட்டுக் கிளம்பிய தண்ணீர் கடலைத் தொடுவதற்குள் கடல் ஏற ஆரம்பித்துவிடும். ஏத்தம் அதே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து ஷட்டரையும் தாண்டி மேலே கொண்டுபோய் விடும். சராசரி கடலுக்குப் போகும், இந்தத் தண்ணீர் போகாது!

செருப்பைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் அதை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு பாத்தது?"

"நான் பாத்தேன் சார். என் செருப்பு சார்!"

"காத்து தள்ளிருக்கும். செருப்பு தண்ணிக்கு மேல மிதக்கும். ஒரு செருப்பு அளவீடு ஆகாது மெஹர்."

"அப்ப ஒரு மூட்டை செருப்பு விடுவோம் சார்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆனால் பேனாவை மூடி வைத்தார். காற்றுக்குப் பிடி கொடுக்காமல், தண்ணீரோடு தண்ணீராகப் போகிற பொருள் வேண்டும் என்றார். தேங்காய் மேலே மிதக்கும், ஆரஞ்சு விலை அதிகம், பந்தை விட்டால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். கடைசியில் எலுமிச்சம்பழம் என்று முடிவாயிற்று. அதிலும் எல்லாப் பழமும் ஆகாது, சிலது மூழ்கிவிடும். ஆற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். உச்சி மட்டும் தெரியும்படி மிதந்ததைத் தேர்ந்தெடுத்தோம், மூழ்கியதை டீக்கடைக்காரரிடம் கொடுத்தோம். வத்தம் தொடங்கும்போது விடுவதற்கும் முடியும்போது விடுவதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும். முதலில் விடுவதற்கு ஆபீஸ் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட். பிறகு விடுவதற்கு, ஆற்று மட்டப் பலகையில் எண் எழுத வைத்திருந்த சிவப்புப் பெயிண்ட்.

சார், ராஜமாணிக்கத்தின் மேனேஜரையே கூப்பிட்டு, "உங்க கையாலயே விடுங்க, பின்னால பேச்சு வரக் கூடாது" என்றார். மேனேஜர் பழத்தை வாங்கக் கொஞ்சம் தயங்கினார். ராஜமாணிக்கம், "விடுய்யா, கடலுக்குத்தானே போவப்போவுது" என்று சிரித்தார். நீலப் பழங்கள் போயின. வத்தம் தளரும்போது சிவப்புப் பழங்களும் போயின. எல்லாம் ஒழுங்காகக் கடலைப் பார்த்துத்தான் போயின. ஏத்தம் ஏறட்டும் என்று சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் நான் மேல்பக்கத் துறைக்குக் கிளம்பினேன்.

இத்தனை செய்தோமே, ஒன்றை எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. சாருக்கு அது பெயிண்ட் அடித்த பழம். எனக்கு அது மிதக்கிற அளவுகோல். செக்கச்செவேலென்று பூசிய எலுமிச்சம்பழம் ஆற்றோடு வந்து வீட்டுத் துறையில் ஒதுங்கினால் அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம்?

நான் துறையை நெருங்கும்போதே கூச்சல் கேட்டது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரப்புடவையோடு மேலே ஏறி ஓடிக்கொண்டிருந்தார்கள். படியோரம், ஆகாயத்தாமரை இடுக்கில், மதகு வாயில், எங்கும் சிவப்புப் பழம். நீலம் ஒன்றுகூட இல்லை. எனக்கு மகிழ்ச்சியில் கை தட்டலாம் போலிருந்தது. ஆனால் ஆண்கள் அரிவாளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"செய்வினை வச்சுட்டான் பண்ணையார் மவன்! நெலத்த வாங்க முடியாம செய்வினை வச்சுட்டான்!"

"இன்னிக்கு அவங் கொளத்துக் கரைய வெட்டி விடுறோமா இல்லியா பாரு!"

வெட்டியிருப்பார்கள். அந்தப் பக்கமும் ஆள் தயாராகத்தான் இருந்தது. யாராவது ஒருவர் செத்திருப்பார். அதன்பிறகு உப்பைப் பற்றி யார் பேசுவார்கள்? நான் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே போய் நின்று, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன். "அவரு வைக்கல! நான்தான் வச்சேன்!"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி! நாகூர்லேருந்து வந்தா எங்களுக்கு செய்வினை வச்சே?"

"செய்வினை இல்ல அஞ்சலை, பெயிண்ட்! அவன் ஷட்டர்ல விட்ட பழம் ஒன் துறைக்கு வந்துருக்கு. பழம் வந்துச்சுன்னா உப்பும் இதே வழியாத்தான் வருது. புரியுதா? இதத்தானே நீ இத்தன நாளா கத்துனே?"

அவள் பழத்தைப் பார்த்தாள், கடல் பக்கம் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஞானசேகரன் சார் சைக்கிளில் வந்து இறங்கினார். செய்வினை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "ஒரு பழத்தப் பாத்து பயப்படுறீங்களே! இதோ, எல்லாத்தையும் நானே பொறுக்கிக் காட்டுறேன். எனக்கு என்ன ஆவுதுன்னு பாருங்க" என்று படியில் இறங்கினார்.

"சார், தொடாதீங்க!"

என் வாழ்நாளில் மேலதிகாரியைப் பார்த்துக் கத்தியது அந்த ஒருதரம்தான். அவர் திகைத்துத் திரும்பினார். "மெஹர், நீங்களுமா?"

"அய்யோ, நான் பயந்து சொல்லல சார்! நீங்க எடுத்துட்டா, இது இங்க வந்துச்சுன்னு யாரு பாத்தது?"

தூக்கிய காலை அவர் அப்படியே பின்னால் வைத்தார். நான் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினேன். "ஆர்.டி.ஓ. வர்ற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. பயமா இருக்குல்ல? நல்லா பயப்படுங்க. பயந்துகிட்டே தள்ளி நில்லுங்க." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அரிவாள்கள் கொஞ்சம் தாழ்ந்தன.

கலவரம் என்று போலீசுக்குச் செய்தி போய்விட்டதால் ஆர்.டி.ஓ. தானே கிளம்பிவிட்டார் என்று சொன்னார்கள். ஆனாலும் அந்தக் காத்திருப்பை மறக்கவே முடியாது. அடுத்த வத்தம் தொடங்கிவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க, சில பழங்கள் மெல்ல அசைந்து வந்த வழியே திரும்பின. எட்டிப் பிடித்து வைக்கவும் முடியாது, பிடித்தால் சாட்சி போச்சு. நல்லவேளையாகப் பெரும்பாலானவை படியிலும் தாமரை வேரிலும் தங்கிவிட்டன. இடையே ராஜமாணிக்கத்தின் ஆட்கள் இரண்டு பேர் கூடையோடு வந்தார்கள், பழத்தையெல்லாம் அள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார். துறைக்கு வந்து சிவப்பைப் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்து, "நீ அள்ளு" என்றான். "ஏன், ஒனக்குக் கை இல்லியா?" என்றான் மற்றவன். கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆர்.டி.ஓ. ஜீப்பில் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ராஜமாணிக்கமும் பின்னாலேயே காரில் வந்தார். எங்கள் சார், எந்தப் பழத்தை எப்போது யார் கையால் விட்டோம் என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மேனேஜரும் தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார், முதலாளி பார்க்கத்தானே விட்டார்.

ராஜமாணிக்கம் அசரவில்லை. "சார், இது தானா வரல. நம்பாதீங்க. இவளுங்களே கீழ போயி பொறுக்கிக் கொண்டாந்து இங்க போட்டுருக்காளுங்க. என் நெலத்தப் புடுங்குனவங்கதானே, இதுகூடவா செய்ய மாட்டாங்க?"

ஆர்.டி.ஓ. யோசித்தார். அவர் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அஞ்சலையின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அதிகாரிகள் பேசும் இடத்தில் ஆய்வக உதவியாளருக்கு என்ன வேலை என்றுகூடத் தோன்றவில்லை.

"பொறுக்கிக் கொண்டாந்தாங்கன்னு சொல்றீங்கல்ல? சரி. நீங்க ஒண்ணே ஒண்ணு எடுங்க. அதோ, உங்க கால்கிட்டயே கெடக்கு. எடுத்து சார் கையில குடுங்க. நாங்க அறிக்கைய கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுறோம்."

அவர் குனிந்து பார்த்தார். ஈரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. கை பாதி வரை இறங்கியது. அப்புறம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு என்ன தலையெழுத்தா?" என்றார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் காரைத் துடைக்கப் போய்விட்டார். ஆர்.டி.ஓ.கூட இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

"நீங்களே தொட மாட்டேங்கிறீங்க. பச்சப்புள்ளய இடுப்புல வச்சிருக்கிற பொம்பளைங்க இத கையால எடுத்து, மடியில கட்டி, தன் வீட்டுத் துறையில கொண்டாந்து போடுவாங்களா?" என்றார் ஆர்.டி.ஓ.

எங்கள் சார்தான் கடைசியில் இறங்கி ஒரு பழத்தை எடுத்தார். நகத்தால் சுரண்டி எல்லோருக்கும் காட்டி, "பெயிண்ட்" என்றார். அன்று அதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

நாற்றங்கால் காலத்தில் ஷட்டரைத் திறக்கவே கூடாது, மற்ற நாளில் வத்தத்தின் முதல் பாதியோடு அடைத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நீலப் பழம் ஒன்றுகூடத் திரும்பி வராததால்தான் அந்த 'முதல் பாதி' என்பதை உறுதியாக எழுத முடிந்தது. முன்பே கைநாட்டு வைத்த இரண்டு குடும்பங்களின் நிலம் குளமாகிப் போனது போனதுதான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. மற்றவர்கள் அந்த வருஷம் மறுபடியும் விதை விட்டார்கள். இந்தத் தடவையும் கருகினால் கைநாட்டு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அஞ்சலை என்னிடமே சொல்லியிருந்தாள்.

உத்தரவுப்படி நடக்கிறதா என்று உப்புப் பார்க்க நான் போன ஒரு காலையில், ராஜமாணிக்கத்தின் மேனேஜர் குத்தகைப் பத்திரத்தோடு அவள் வயல் வரப்பில் வந்து நின்றார். கையோடு மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். "முதலாளி கடைசியா ஒருதரம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். அஞ்சலை நாற்றங்காலுக்குள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இரண்டு கையையும் அவருக்கு நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை சேறு.

"கை காலி இல்லன்னு சொல்லுங்க" என்றாள். "நாத்து பச்ச கட்டிருச்சு."